கோலாலம்பூரில் வீடு, கோயம்புத்தூரில் யோசனை: சீரமைப்பில் யார் பேச்சைக் கேட்பது?

கோலாலம்பூர் பழைய கிள்ளான் சாலைப் பக்கம், கட்டிப் பதினைந்து வருடம் ஆன ஒரு கொண்டோ, அதாவது அடுக்குமாடி வீடு. தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம் ஒன்று அதை வாங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் வேலையாகக் குளியலறையைப் புதுப்பிக்க நினைக்கிறார்கள். கோயம்புத்தூரில் இரண்டு வீடு கட்டிய மச்சான் தொலைபேசியில் சொல்கிறார்: "பழைய டைல்ஸ முழுசா உடைச்சு எடுத்துருங்க மாப்ள, மேலயே ஒட்டினா நிக்காது." நேரில் வந்து பார்த்த குத்தகையாளர், அதாவது கான்ட்ராக்டர், சொல்கிறார்: "உடைக்க வேணாம் சார், மேலேயே ஒட்டிடலாம். மூணு நாள் வேலை." எதிர்வீட்டு அக்கா சொல்கிறார்: "எதைச் செஞ்சாலும் கீழ ஆபீஸ்ல கடிதம் வாங்கிக்கிட்டுச் செய்ங்க." இரவு பார்த்த அமெரிக்கக் காணொளி, டைல்ஸ் ஒட்டும் முன் சுவரின் மரச்சட்டத்தில் சிமென்ட் பலகை அறையச் சொல்கிறது.

இந்த நால்வரில் யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தமக்குப் பழக்கமான வீட்டை மனத்தில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். அந்த வீடும் உங்கள் வீடும் எந்தெந்த விஷயத்தில் ஒத்துப்போகின்றன, எதில் போகவில்லை என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். மீதிப் பாதி, வேலை கெட்டுப்போனால் பொறுப்பு யார் தலையில் விழும் என்பதைப் பொறுத்தது.

## ஒரு கேள்விக்குள் நான்கு கேள்விகள்

"இதை எப்படிச் செய்யலாம்?" என்று பொதுவாகக் கேட்கும்போது உண்மையில் நான்கு வேறு கேள்விகளைச் சேர்த்துக் கேட்கிறோம்.

1. செய்ய அனுமதி உண்டா? இது சட்டம். நாட்டுக்கு நாடு மாறும். மலேசியாவுக்குள்ளேயே மாநகராட்சிக்கு மாநகராட்சி, கொண்டோவுக்குக் கொண்டோ மாறும்.

2. செய்தால் நிற்குமா? இது மண், மழை, கட்டுமான முறை சம்பந்தப்பட்டது.

3. என்ன செலவாகும்? இது சந்தை. போன வருடம் வீடு செய்தவர் சொல்லும் தொகைகூட இந்த வருடத்துக்குப் பொருந்தாமல் போகலாம்.

4. பார்க்க நன்றாக இருக்குமா? இது ரசனை.

நான்காவது கேள்விக்கு யார் வேண்டுமானாலும் பதில் சொல்லலாம். மதுரையில் இருக்கும் தங்கை படத்தைப் பார்த்தே நல்ல நிறம் தேர்ந்தெடுத்துவிடுவாள். ரசனையில் நம்பிப் பழகியவரை முதல் இரண்டு கேள்விகளுக்கும் நம்பிவிடும்போதுதான் கை சுடுகிறது.

வாஸ்து இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சமையலறை அக்னி மூலையில், அதாவது தென்கிழக்கில், இருக்க வேண்டும் என்று ஊரில் பெரியவர் சொல்கிறார். தரை வீட்டில் அதைச் செய்வதா வேண்டாமா என்பது குடும்பத்தின் நம்பிக்கை, குடும்பத்தின் செலவு. பதினான்காவது மாடியில் அப்படியில்லை. உங்கள் தென்கிழக்கு மூலைக்கு நேர் கீழே இன்னொருவரின் படுக்கையறை இருக்கிறது. தண்ணீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் அவர் தலைக்கு மேல் ஓடும்படி மாற்றுவதற்கு நிர்வாகம் ஒப்புதல் தருமா என்பதுதான் அங்கே முதல் கேள்வி. பெரும்பாலும் தராது.

## மழையும் மண்ணும்

சென்னையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பகுதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டி முடிந்துவிடும். கோலாலம்பூரில் 2,400 மில்லிமீட்டருக்கும் மேல், அதுவும் வருடம் முழுக்கப் பரவிப் பெய்கிறது. சென்னையில் நனைந்த சுவருக்குக் காய்ந்துகொள்ள மாதக்கணக்கில் வெயில் கிடைக்கும். இங்கே சேர்ந்தாற்போல ஒரு வாரம் கிடைத்தாலே பெரிது. இந்த ஒரு வித்தியாசம் பல நல்ல யோசனைகளைச் செல்லாததாக்கிவிடுகிறது.

கூரையை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டு வீட்டுக்கு மொட்டை மாடி. கசிந்தால் கொத்தனார் தளத்தைச் சரிவு பார்த்துப் போட்டுத் தட்டோடு பதிக்கச் சொல்வார். கோலாலம்பூர் தாமான்களில், அதாவது குடியிருப்புப் பேட்டைகளில், இருக்கும் வரிசை வீடுகளுக்கு ஓடு வேய்ந்த சாய்கூரை. இங்கே ஒழுகினால் பார்க்க வேண்டிய இடங்கள் வேறு: நகர்ந்த ஓடு, கூரையும் சுவரும் சேரும் இடத்தில் பதித்த தகடு, இலை அடைத்த கான்கிரீட் வாய்க்கால். முப்பது வருடம் மொட்டை மாடி பார்த்த கொத்தனாரின் அனுபவம் பொய்யில்லை. ஆனால் அவர் கைபட்ட கூரை இந்தக் கூரை இல்லை.

பலகையும் அப்படித்தான். ஊரில் அலமாரி செய்பவர்கள் "ஐ.எஸ். 710 முத்திரை பார்த்து வாங்குங்க" என்பார்கள். கொதிநீருக்கும் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தரநிலை அது. இங்கே கடைகளில் அந்த எண்ணைத் தேடுவதில் பயனில்லை. அதற்குப் பதில் கேட்க வேண்டியது நேரடியான கேள்வி: அலமாரியின் உடல் பிளைவுட்டா, மரத்தூளை அழுத்திச் செய்த பலகையா? மேலே ஒட்டிய மெலமைன் தாள் இரண்டுக்கும் ஒன்றுபோலவே இருக்கும். வெட்டிய விளிம்பைக் காட்டச் சொன்னால் தெரிந்துவிடும். பிளைவுட்டில் அடுக்கடுக்காக மென்தகடுகள் தெரியும். தூள் பலகையில் அவல் அழுத்தினது போலத் துகள்கள் தெரியும். பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே இந்தத் தூள் பலகை ஒருமுறை ஈரம் குடித்தால் உப்பிக்கொள்ளும், பிறகு பழைய நிலைக்கு வராது. கறையானுக்கும் இந்த ஊர் நன்றாக ஒத்துப்போகிறது. கோப்டோடெர்மெஸ் ஜெஸ்ட்ரோய் என்ற நிலத்தடிக் கறையான் தீபகற்ப மலேசியாவின் நகர வீடுகளை அதிகம் சேதப்படுத்தும் இனம். அலுமினிய அலமாரிகள் இங்கே இவ்வளவு பரவியதற்கு இது ஒரு காரணம்.

மண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும், ஏனென்றால் வரிசை வீடு வாங்கியவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். கோலாலம்பூர் ஈயம் தோண்டப் பிறந்த ஊர். நகரைச் சுற்றிப் பல இடங்களில் பழைய ஈயக் குட்டைகளைத் தூர்த்த மணலும் சேறும் இருக்கிறது. கிள்ளான் பக்கம் போனால் மெத்தென்ற களிமண். இப்படிப்பட்ட மண்ணில் வீடுகளைக் கட்டி விற்கும் மேம்பாட்டாளர் வீட்டைக் கட்டும்போது பைல் எனும் ஆழத் தூண்களை அடித்து அதன் மேல் நிறுத்துகிறார். பிறகு வீட்டுக்காரர் பின்பக்கம் சமையலறையை நீட்டுகிறார். அந்தப் புது அறைக்குப் பைல் கிடையாது, மேலோட்டமான அடித்தளம் மட்டும். பழைய வீடு அசையாமல் நிற்க, புது அறை வருடத்துக்கு வருடம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது.

முதலில் பழைய சுவரும் புதுச் சுவரும் சேரும் இடத்தில் மயிரிழைக் கோடு தெரியும். குத்தகையாளர் வந்து பூசிவிட்டுப் போவார். அடுத்த வருடம் அதே இடத்தில் ஐந்து சென் நாணயம் நுழையும் அளவுக்கு விரியும். தரை டைல்ஸில் ஒரு வரிசை சாய்ந்து, கழுவிய தண்ணீர் வாசல் பக்கம் ஓடிவரும். மேலே கூரை இணைப்பு பிரிந்து மழை இறங்கும். ஊரில் செம்மண்ணிலோ பாறையிலோ கட்டிப் பழகியவர் "வெறும் ஒரு அறைதானே, ரெண்டடி தோண்டிக் கட்டிருங்க" என்று சொல்வது அவர் மண்ணுக்குச் சரி. இங்கே அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தகுந்தவர் பதிவுபெற்ற கட்டமைப்புப் பொறியாளர். அதே வரிசையில் ஏற்கெனவே பின்பக்கம் நீட்டிய ஐந்தாறு வீடுகளைப் போய்ப் பார்ப்பதும் நல்ல வழி. பத்து வருடம் ஆன நீட்டிப்பில் பிளவு இருக்கிறதா இல்லையா என்பதை அந்தச் சுவரே சொல்லிவிடும்.

குளிர் நாட்டுக் காணொளிகளைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே உள்ளே சூடு, வெளியே குளிர், அதனால் ஈரம் உள்ளிருந்து சுவருக்குள் போகும். அதைத் தடுக்கச் சுவரின் உட்பக்கம் பிளாஸ்டிக் படலம் விரிக்கிறார்கள். இங்கே ஏர்கோண்ட் ஓடும் அறை உள்ளே குளிர், வெளியே புழுக்கம், ஈரம் எதிர்த் திசையில் நகர்கிறது. அதே படலத்தை அதே இடத்தில் விரித்தால் ஈரம் அதன் பின்னால் நின்று பூஞ்சை பிடிக்கும். பிரிட்டனின் பிளக்கும் மலேசியாவின் பிளக்கும் ஒன்றே, மூன்று தட்டைக் கால்கள் கொண்டது. அதைப் பார்த்து வீடும் ஒன்றே என்று நினைத்துவிடக் கூடாது.

## "சுவர்தானே, உடைச்சிரலாம்"

தமிழ்நாட்டு வீடுகள் பலவற்றிலும் மலேசியாவின் பழைய வீடுகள் பலவற்றிலும் தூணும் உத்தரமும் பளு தாங்கும், இடையில் செங்கல் நிரப்பியிருக்கும். அங்கே உட்சுவர் ஒன்றை எடுப்பது பல சமயம் முடிகிற காரியம். அண்மைக் காலத்தில் கட்டும் அடுக்குமாடிகள் பலவற்றில் முறை மாறிவிட்டது. அலுமினிய அச்சுகளை நிறுத்திச் சுவர், தளம் எல்லாவற்றையும் கான்கிரீட்டாகவே வார்த்துவிடுகிறார்கள். அந்தச் சுவரே கட்டடத்தைத் தாங்குகிறது. அதை உடைக்கக் கூடாது. குழாயோ வயரோ பதிக்க ஆழமாகக் கீறுவதற்கும் அனுமதி கிடைக்காது.

விரலால் தட்டிப் பார்த்து இது செங்கல், இது கான்கிரீட் என்று சொல்பவர்கள் உண்டு. அது யூகம். நிர்வாக அலுவலகத்தில் கட்டமைப்பு வரைபடம் இருக்கும், அதைக் கேளுங்கள். வரைபடத்தைப் பார்க்காமலே "எடுத்திரலாம் சார்" என்று முதல் சந்திப்பிலேயே சொல்லும் குத்தகையாளரிடம் மற்ற வேலைகளைக் கொடுப்பதையும் யோசிக்க வேண்டும் என்பது என் கருத்து.

புது வீடு வாங்கியவர்களுக்கு இன்னொன்று. மேம்பாட்டாளரிடமிருந்து நேரடியாக வாங்கிய வீட்டுக்குச் சாவி கிடைத்த நாளிலிருந்து 24 மாதம் குறைபாட்டுப் பொறுப்புக் காலம். அதற்குள் கசிவோ பிளவோ வந்தால் அவர் செலவிலேயே சரிசெய்ய வேண்டும். நீங்கள் அதற்குள் அந்த இடத்தை உடைத்து மாற்றிவிட்டால், "இது உங்கள் வேலையால் வந்தது" என்று அவர் சொல்ல வாய்ப்புக் கொடுத்ததாகிவிடும். குறைகளைப் படமெடுத்து எழுத்தில் கொடுத்துச் சரிசெய்ய வைத்த பிறகு சீரமைப்பைத் தொடங்கச் சொல்பவர் நல்ல ஆலோசகர், அவர் யாராக இருந்தாலும்.

## பினாங்குச் சுவருக்குக் காரைக்குடி வைத்தியம்

இதுவரை படித்தால், பக்கத்தில் இருப்பவர் சொல்வது சரி, தூரத்தில் இருப்பவர் சொல்வது தவறு என்று தோன்றலாம். பினாங்கின் பழைய கடைவீடுகள் அதை மறுக்கின்றன.

பினாங்கின் ஜார்ஜ்டவுன் நகரம் 2008 ஜூலையில் மலாக்காவுடன் சேர்ந்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. மையப் பகுதி 109 ஹெக்டேருக்குச் சற்று மேல், அதைச் சுற்றிய காப்புப் பகுதி 150 ஹெக்டேர். குயின் ஸ்திரீட், பினாங்கு ஸ்திரீட், மார்க்கெட் ஸ்திரீட் என்று நம்மவர்கள் நடமாடும் லிட்டில் இந்தியாவும் இதற்குள் வருகிறது. இங்கே பழைய கடைவீடுகளைச் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டினார்கள். அடித்தளத்துக்கும் சுவருக்கும் இடையே ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு கிடையாது. நிலத்து ஈரம் திரியில் எண்ணெய் ஏறுவது போலச் சுவரில் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே ஆவியாக விடும், அதனால் சுவர் நின்றது.

வாடகைக்கு எடுத்தவர் கீழ்ச்சுவரில் கறையைப் பார்த்து உள்ளூர் குத்தகையாளரை அழைக்கிறார். அவர் நல்ல மனத்தோடுதான், பழைய பூச்சைச் சுரண்டிவிட்டுச் சிமென்ட் பூசி, மேலே தண்ணீர் புகாத பெயின்ட் அடிக்கிறார். சில மாதம் பளிச்சென்று இருக்கும். வெளியேற வழியில்லாத ஈரம் சிமென்ட்டுக்குப் பின்னால் இன்னும் மேலே ஏறும். அதோடு வந்த உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிகமாகி வெடிக்கும். இடுப்பு உயரத்தில் பெயின்ட் கொப்பளிக்கும், கொப்பளத்தைத் தள்ளினால் பின்னால் இருக்கும் செங்கல் ரவை போலக் கையில் உதிரும். பழைய பூச்சு உதிர்ந்தால் மறுபடி பூசிக்கொள்ளலாம். செங்கல் உதிர்ந்தால் என்ன செய்வது?

இந்த இடத்தில் காரைக்குடிப் பக்கம் செட்டிநாட்டு வீடு பார்த்து வளர்ந்த பெரியப்பா "சுண்ணாம்புச் சுவருக்குச் சிமென்ட் ஆகாது தம்பி" என்று சொன்னால் அவர் சொல்வதுதான் சரி. கடுக்காயும் வெல்லமும் சேர்த்துச் சுண்ணாம்பு அரைத்த மரபு அவருடையது. கடல் தாண்டி இருந்தாலும் அவர் அறிந்த சுவரும் இந்தச் சுவரும் ஒரே ஜாதி. அதே பெரியப்பாவிடம் அனுமதி பற்றிக் கேட்டால் அவருக்குத் தெரியாது. பாரம்பரிய வட்டாரத்தில் பூச்சு, சன்னல், கூரை ஓடு என்று எதைத் தொடுவதானாலும் முதலில் பினாங்குத் தீவு மாநகராட்சியிடம் போக வேண்டும். ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரிய நிறுவனத்திலும் வழிகாட்டுதல் கிடைக்கும். ஒரே மனிதரிடம் ஒரு கேள்விக்குப் பொன்னான பதிலும் அடுத்த கேள்விக்கு ஒன்றுமில்லாததும் இருக்கலாம்.

கோலாலம்பூரும் தன் பாடத்தைப் பட்டுத்தான் கற்றது. 1881இல் தீயும் வெள்ளமும் மரத்தாலும் அத்தாப்பு எனும் ஓலைக் கூரையாலும் ஆன ஊரை அழித்தன. பிறகு செங்கல்லும் ஓடும் கொண்டு கட்ட வேண்டும் என்று பிரிட்டிஷ் நிர்வாகி சுவெட்டன்ஹாம் விதித்தார். அதற்கான செங்கல் சூளைகள் இருந்த இடம்தான் இன்று தமிழர் கூடும் பிரிக்பீல்ட்ஸ். ஊரின் கட்டட விதிகள் அந்த ஊர் பட்ட அடிகளிலிருந்தே பிறக்கின்றன. வெளியூர்க்காரர் அவற்றைத் தொல்லையாகப் பார்ப்பது இயல்பு, ஆனால் அந்த அடி அவர் படாதது.

## மின்சாரத்தில் யோசனைக்கே இடமில்லை

மற்ற பெரும்பாலான வேலைகளில் தவறினால் பணம் போகும். இதில் உயிர் போகும். அதனால் இங்கே அளவுகோல் வேறு.

இந்தியா, மலேசியா இரண்டிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அதனால் ஊர்ப் பழக்கம் இங்கேயும் செல்லும் என்று நம்பிவிடுகிறோம். தண்ணீர் சூடாக்கும் கருவியைப் பாருங்கள். ஊரில் 2 கிலோவாட் கீசரைப் பெரிய பதினைந்து ஆம்பியர் பிளக்கில் செருகிவிடலாம். இங்கே பரவலாக இருக்கும் உடனடி ஹீட்டர் ஏறத்தாழ 3.6 கிலோவாட். கணக்குப் போட்டால் 15 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். இந்த ஊர்ப் பிளக்கின் ஃபியூஸ் 13 ஆம்பியர்தான். ஆகவே ஹீட்டருக்கு விநியோகப் பெட்டியிலிருந்து தனி வயர் வர வேண்டும். கசிவு மின்சாரத்தை உணர்ந்து துண்டிக்கும் கருவிக்கும், ஆர்.சி.சி.பி. என்று வயர்மேன்கள் சொல்வது, 1994 மின்சார விதிமுறைகளில் அளவு உண்டு: தரை நனையக்கூடிய குளியலறை போன்ற இடங்களுக்கு 10 மில்லி ஆம்பியர், கையில் பிடித்துப் பயன்படுத்தும் கருவிகளுக்கு 30, மற்றவற்றுக்கு 100. ஹீட்டருக்கு 30 மில்லி ஆம்பியர் போதும் என்று யார் சொன்னாலும், அவர் பொறியியல் படித்தவரானாலும், இந்த நாட்டு விதிக்கு முரணாகச் சொல்கிறார்.

வயரிங் வேலையைச் செய்ய வேண்டியவர் எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் பெற்ற வயர்மேன். மலாயில் பெண்டாவாய். ஒருமுனை இணைப்புக்கும் மும்முனை இணைப்புக்கும் தனித்தனிச் சான்றிதழ். வேலை முடிந்ததும் அவர் இரண்டு படிவங்களில் கையொப்பமிடுவார்: மேற்பார்வையும் நிறைவும் பற்றிய ஜி படிவம், சோதனை பற்றிய எச் படிவம். "அந்தப் படிவம் தருவீர்களா?" என்று வேலை பேசும்போதே கேளுங்கள். தயங்காமல் சரி என்பவரும், "அதெல்லாம் எதுக்கு அண்ணே" என்பவரும் அந்த ஒரு கேள்வியிலேயே பிரிந்துவிடுவார்கள். ஊரிலிருந்து மின்விசிறியோ ஹீட்டரோ கொண்டுவரச் சொல்லும் யோசனையையும் தள்ளிவையுங்கள். இங்கே விற்கும் இத்தகைய பொருட்களுக்கு ஆணையத்தின் ஒப்புதலும் சிரிம் எனும் தரச் சான்று நிறுவனத்தின் முத்திரையும் தேவை.

வாடகை வீட்டில் இருப்பவரும் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. மின்பெட்டியைத் திறந்து, அந்தக் கருவியில் 'டி' எழுத்துப் போட்ட சிறிய பொத்தானை அழுத்துங்கள். டக்கென்று நெம்பு விழ வேண்டும். விழாவிட்டால் வயர்மேனை அழைக்கும்வரை ஹீட்டரைத் தொடாதீர்கள்.

## குளியலறைக்குத் திரும்புவோம்

முதலில் எதிர்வீட்டு அக்கா. அவர் சொன்னது சட்டம். அடுக்குமாடிகளைக் கட்டுப்படுத்தும் 2013 ஸ்திராத்தா நிர்வாகச் சட்டம் 2015 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. அதன் கீழுள்ள துணைவிதிகள்படி, அலகின் உரிமையாளர் நிர்வாகக் குழுவின் முன்கூட்டிய எழுத்து ஒப்புதல் இல்லாமல் சீரமைப்பு வேலை செய்யக் கூடாது. மாநகராட்சி அனுமதியும் தேவைப்படும் வேலைக்கு அதையும் வாங்க வேண்டும். நிர்வாகம் கூட்டு நிர்வாக அமைப்பு (ஜே.எம்.பி.) என்றாலும் நிர்வாகக் கழகம் (எம்.சி.) என்றாலும் இந்த விதி ஒன்றே. வெளிப்புறத் தோற்றத்தை மாற்றுவதற்கும், அதாவது பால்கனிக்குக் கண்ணாடி போடுவது, சன்னல் நிறம் மாற்றுவது போன்றவற்றுக்கும், தனி ஒப்புதல் வேண்டும். தரை வீட்டுக்காரரைக் கட்டுப்படுத்துவது 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம். மாநகராட்சி அனுமதியில்லாமல் கட்டடத்தைக் கூட்டவோ மாற்றவோ முடியாது.

அடுத்து மச்சானும் குத்தகையாளரும். கோயம்புத்தூர் வீட்டுக் குளியலறைக்குக் கீழே மண். தண்ணீர் இறங்கினால் யாரும் கதவைத் தட்டப்போவதில்லை. இங்கே டைல்ஸை உடைக்கும்போது அதற்கடியில் இருக்கும் நீர்த்தடுப்புப் படலமும் கிழிந்துபோகும். அதை மறுபடி போடாமல் புது டைல்ஸ் ஒட்டினால் கீழ்வீட்டுக் கூரையில் மஞ்சள் வட்டம் தெரிய ஆரம்பிக்கும். அந்த வட்டம் தெரிந்ததும் சட்டம் வேகமாக வேலை செய்கிறது. புகார் கிடைத்த 7 நாளுக்குள் நிர்வாகம் ஆய்வு செய்ய வேண்டும். வேறு காரணம் என்று நிரூபிக்கப்படாத வரை பழுது மேல்வீட்டில்தான் என்று விதிமுறை அனுமானிக்கிறது. நிரூபிக்கும் பாரம் மேல்வீட்டுக்காரரான உங்கள் மேல்.

அப்படியானால் குத்தகையாளர் சொன்னதுபோல மேலேயே ஒட்டிவிடலாமா? பழைய படலம் நன்றாக இருந்தால் அது நல்ல யோசனை. படலம் ஏற்கெனவே போயிருந்தால் நோயை மூடி மறைத்ததாகும். அதோடு தரை உயர்ந்து வாசல்படி தாழ்ந்துவிடும், தண்ணீர் வடிவாய் பள்ளத்தில் போகும். ஆகவே இரண்டு பேரில் யார் சரி என்பதை வாதத்தால் முடிவு செய்ய முடியாது. மூன்று சோதனைகள் முடிவு செய்யும்:

1. கீழ்வீட்டுக்காரரிடம் சொல்லி, அவர் குளியலறைக் கூரையைப் பாருங்கள். கறை, உப்புப் பூத்தல், உரிந்த பெயின்ட் இருந்தால் உடைத்துத்தான் ஆக வேண்டும்.

2. நாணயத்தால் டைல்ஸைத் தட்டுங்கள். பல இடங்களில் உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் ஒலித்தால் அதன் மேல் எதுவும் ஒட்டாது.

3. கறையும் இல்லை, ஒலியும் சரி என்றால், வடிவாயை அடைத்துத் தண்ணீர் தேக்கி ஒரு நாள் முழுக்க வைத்து மறுபடி கீழே போய்ப் பாருங்கள்.

உடைப்பது என்று முடிவானால், புதுப் படலம் போட்டு, டைல்ஸ் ஒட்டும் முன்பே இந்தத் தேக்கச் சோதனையை மறுபடி செய்ய வேண்டும். இதைத் தானாகவே விலைப்பட்டியலில் எழுதிக் கொடுக்கும் குத்தகையாளர், ஒரு நாளோ இரண்டு நாளோ கூட்டிக் கேட்டாலும், நம்பத் தகுந்தவர். காணொளிக்காரரின் சிமென்ட் பலகை மரச்சட்டச் சுவருக்கானது. இந்த வீட்டில் அப்படி ஒரு சுவரே இல்லை.

## முத்திரைகள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லவில்லை

எஸ்.எஸ்.எம். எனும் மலேசிய நிறுவனங்கள் ஆணையத்தின் பதிவு என்றால் அப்படி ஒரு வணிகம் பெயரளவில் உண்டு என்று மட்டுமே பொருள். வேலை தெரியுமா என்பதற்கு அது சான்றில்லை. பெயர் அட்டையில் இந்த எண்ணைப் பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்துப் பலர் திருப்தியடைந்துவிடுகிறார்கள்.

சி.ஐ.டி.பி. எனும் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தின் பதிவு வேறு வகை. 1994ஆம் ஆண்டின் 520ஆம் சட்டப்படி கட்டுமான வேலை எடுப்பவர் அங்கே பதிவு செய்திருக்க வேண்டும், பழுதுபார்ப்பும் புதுப்பிப்பும் அதில் அடங்கும். ஜி1 முதல் ஜி7 வரை தரம். தரம் என்பது எவ்வளவு பெரிய வேலை எடுக்கலாம் என்பதற்கான வரம்பு, கைத்திறனுக்கான மதிப்பெண் இல்லை. ஜி7 நிறுவனம் உங்கள் குளியலறையை ஜி1 நிறுவனத்தைவிட நன்றாகச் செய்யும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பதிவு நடப்பில் இருக்கிறதா என்று வாரியத்தின் இணையத்தளத்தில் பெயரைப் போட்டுப் பார்க்கலாம்.

கட்டமைப்பைத் தொடும் வேலைக்குப் பொறியாளர் வாரியத்தில் பதிவு பெற்றவர் வேண்டும். கட்டட வரைஞரும் உள்வடிவமைப்பாளரும் மலேசியக் கட்டடக் கலைஞர் வாரியத்தில் பதிவு செய்கிறார்கள். கடையில் அலமாரி விற்பவர் தன்னை 'ஐடி' (உள்வடிவமைப்பாளர்) என்று சொல்லிக்கொள்வதற்கும் இந்தப் பதிவுக்கும் சம்பந்தமில்லை. அவர் அலமாரி நல்லதாக இருக்கலாம், ஆனால் சுவரை எடுக்கச் சொல்லும் தகுதி அதனால் வந்துவிடாது.

## சொல்பவருக்கு என்ன கிடைக்கிறது, என்ன போகிறது

உறவினருக்கு நம் மேல் பாசம், லாபம் ஒன்றுமில்லை. தவறினால் நஷ்டமும் இல்லை. குத்தகையாளருக்கு லாபம் உண்டு, அதே சமயம் எழுத்தில் உத்தரவாதம் கொடுத்திருந்தால் நஷ்டமும் உண்டு. கையொப்பமிடும் பொறியாளருக்கும் வயர்மேனுக்கும் தவறினால் உரிமமே போகலாம். லாபம் பார்க்கிறார் என்பதற்காகவே குத்தகையாளரைச் சந்தேகிப்பதும், பாசம் இருக்கிறது என்பதற்காகவே மச்சானை நம்புவதும் இரண்டுமே பிசகு. யாரிடமும் இந்தக் கேள்விகளைக் கேட்கலாம், மரியாதை குறையாமல்:

1. இதே மாதிரி வீட்டில், இதே ஊரில் செய்திருக்கிறீர்களா? எந்த வருடம்?

2. செய்து மூன்று வருடம் ஆன ஒரு வீட்டை நான் பார்க்க முடியுமா? போன மாதம் முடித்த வீடு எல்லாமே அழகாகத்தான் இருக்கும்.

3. என் வீட்டுக்கு இது ஏன் பொருந்தாமல் போகலாம்?

மூன்றாவது கேள்விக்குத் தரும் பதிலை அதிகம் கவனியுங்கள். வேலை தெரிந்தவருக்கு அந்த வேலை எங்கே தோற்கும் என்பதும் தெரியும். பக்கத்து வீட்டுக்காரருக்குத் தனிக் கணக்கு. அதே கட்டடம், அதே வருடம், அதே மேம்பாட்டாளர். அவர் தொழில் தெரியாதவராக இருந்தாலும், எந்தப் பக்கச் சுவரில் மழை இறங்குகிறது, எந்தக் குத்தகையாளர் பாதியில் ஓடினார் என்று அவருக்குத் தெரிந்தது வேறு யாருக்கும் தெரியாது. மொழி வேறாக இருந்தாலும் எதிர்வீட்டு ஆன்ட்டியிடமும் மாக்சிக் எனும் மலாய் அத்தையிடமும் பேசிப் பழகியிருப்பது இந்த நேரத்தில் பெரிய உதவி. நம்மவர்கள் பலர் ஊருக்கு ஐந்து தடவை அழைத்துவிட்டு அடுத்த கதவை ஒருமுறைகூடத் தட்டுவதில்லை.

## பணமும் காகிதமும்

விலையைப் பற்றிய ஆலோசனையில் மூன்று எழுத்து விலைப்பட்டியலை மிஞ்சியது எதுவுமில்லை. ஒரே வேலைப் பட்டியலை மூவருக்கும் கொடுத்துக் கேட்க வேண்டும். ஒருவர் படலமும் குப்பை ஏற்றும் ரோரோ தொட்டியும் சேர்த்து எழுத, இன்னொருவர் சேர்க்காமல் எழுதினால் குறைந்த தொகை ஏமாற்றும்.

பணத்தை வேலை நகர நகரக் கொடுங்கள்: தொடக்கத்தில் ஒரு பகுதி, தேக்கச் சோதனை தேறியதும் ஒரு பகுதி, முடிந்ததும் ஒரு பகுதி, கடைசியில் ஐந்து முதல் பத்து விழுக்காடு ஒரு மழை வாரம் கழித்து. முதல் நாளிலேயே பாதிக்கு மேல் கேட்பவரிடம் காரணம் கேளுங்கள். தொழிலாளர்களுக்குப் பெர்கேசோ எனும் சமூகக் காப்பீட்டுப் பாதுகாப்பு இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். வேலை நடப்பது உங்கள் கூரையின் கீழ்.

வேலை கெட்டு, குத்தகையாளர் தொலைபேசியை எடுக்காமல் போனால், வெளிநாட்டவர் உட்படப் பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். விட வேண்டியதில்லை. பயனீட்டாளர் உரிமைக்கோரல் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை, சம்பவம் நடந்த 3 வருடத்துக்குள் தாக்கல் செய்யலாம். கட்டணம் 5 ரிங்கிட். இரு தரப்பும் வழக்கறிஞர் இல்லாமல் தாங்களே பேச வேண்டும். கொண்டோ நிர்வாகத்தோடும் மேல்வீட்டுக்காரரோடும் வரும் தகராறுக்கு ஸ்திராத்தா நிர்வாக நடுவர் மன்றம் தனியாக இருக்கிறது, அதன் வரம்பு 250,000 ரிங்கிட்.

அங்கே போய் நிற்கும்போது கேட்பது காகிதம். விலைப்பட்டியல், நிர்வாகத்தின் ஒப்புதல் கடிதம், படலம் போட்ட அன்று எடுத்த படம், வாட்ஸ்அப் பேச்சு, நிறுவனத்தின் பெயரும் பதிவு எண்ணும் உள்ள ரசீது. பணத்தை நிறுவனத்தின் கணக்கில் போடாமல் "தம்பி கணக்குல போட்டுருங்க" என்று சொல்லக் கேட்டுப் போட்டிருந்தால், யார் மேல் கோரிக்கை வைப்பது என்பதே முதல் சிக்கலாகிவிடும்.